உங்களுக்குத் தெரியுமா? எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்: எந்த ஃபார்மேட், எதற்கு?

● டிஸ்க்கில் 400 ஜிபி காலியாக இருக்கும். ஆனாலும் 5 ஜிபி வீடியோ ஒன்றைக் காப்பி செய்யப் போனால், 'ஃபைல் மிகப் பெரியது' என்று விண்டோஸ் கைவிரித்துவிடும். டிஸ்க் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்தால் இப்படித்தான். ஒரு ஃபைலின் அளவைக் குறித்துவைக்க அதில் இருப்பது 32 பிட் இடம். அதில் எழுத முடிகிற பெரிய எண் 4,294,967,295. அதாவது, 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு!

● ஃபேட்32 என்றாலே 32 ஜிபிதான் உச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது 2 டிபி வரை தாங்கும். விண்டோஸின் ஃபார்மேட் பெட்டியை 1990-களில் எழுதிய டேவ் ப்ளம்மர் வைத்த வரம்புதான் அந்த 32 ஜிபி.

● 1993-இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்தது என்டிஎஃப்எஸ். டிஸ்க்கில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் ஃபைல்களின் அட்டவணை குலையாமல் தப்ப இது உதவுகிறது. ஆனால், மேக்கில் செருகினால் படிக்க மட்டுமே முடியும். எழுத வேண்டுமென்றால் தனி சாஃப்ட்வேர் தேவை.

● விண்டோஸ், மேக் இரண்டிலும் மாறி மாறிப் பயன்படுத்துகிறீர்களா? 2006-இல் வந்த எக்ஸ்ஃபேட்தான் சரி. 4 ஜிபி தொல்லை இல்லை. ஆனால், அந்தப் பதிவேடும் இதில் இல்லை. 'எஜெக்ட்' கொடுக்காமல் கேபிளைப் பிடுங்குவது இதில்தான் அதிக ஆபத்து.

● பெரிய டிஸ்க்கை விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்தால், ஒவ்வொரு ஃபைலுக்கும் வழக்கமாக 128 கேபி துண்டுகளாகத்தான் இடம் கிடைக்கும். 1 கேபி குறிப்புக்கும் 128 கேபி போய்விடும். என்டிஎஃப்எஸ்ஸில் இந்தத் துண்டு பெரும்பாலும் 4 கேபிதான். குட்டி குட்டி ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர்கள் கவனிக்க!

● ஃபேட்32 டிஸ்க்கை, உள்ளே இருப்பதை அழிக்காமலே என்டிஎஃப்எஸ் ஆக்கலாம். விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அதற்கென்றே 'கன்வெர்ட்' என்ற கட்டளை உண்டு. இது ஒருவழிப் பாதை. திரும்பி வர முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற இப்படிக் குறுக்குவழி கிடையாது. எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து, ஃபார்மேட் செய்து, மறுபடி ஏற்ற வேண்டியதுதான். கன்வெர்ட் செய்தாலும் முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

● 'குயிக் ஃபார்மேட்' சில நொடிகளில் முடிகிறதே, எப்படி? புது அட்டவணையை மட்டும் எழுதிவிட்டுப் பழைய ஃபைல்களை அப்படியே விட்டுவிடுகிறது. ரெக்கவரி சாஃப்ட்வேர் அவற்றைத் தோண்டி எடுத்துவிடும். பழைய டிஸ்க்கை விற்கப்போகிறீர்கள் என்றால் 'குயிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போடுங்கள். விண்டோஸ் விஸ்டா முதல் அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதுகிறது. மணிக்கணக்கில் ஆகும்; பரவாயில்லை.