காந்தமும் ஓடும் மின்துகளும்

கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் சால்ட் லேக் வழியாகப் பன்முறை சென்றிருப்பார்கள். 1977-ஆம் ஆண்டில் முதல் துகட்கற்றையை அளித்த சைக்ளோட்ரான் என்னும் யந்திரம் அங்கேதான் இருக்கிறது. அதன் காந்த முனையின் குறுக்களவு 224 செண்டிமீட்டர். கண்ணுக்குப் புலனாகாத துகளை ஓட்டுவதற்கு இத்துணைப் பெரிய காந்தம் எதற்கு? கணக்கிட்டுப் பார்ப்போம்.

அசையாது நிற்கும் மின்துகளைக் காந்தப் புலம் தள்ளுவதில்லை. புலத்தின் திசையிலேயே ஓடும் துகளையும் தள்ளுவதில்லை. குறுக்கிட்டுச் செல்லும் துகளின்மீதே விசை தோன்றும். செங்குத்தாகக் கடக்குங்கால் அவ்விசை முழு அளவினது: துகளின் மின்னேற்றம், வேகம், புலத்தின் வலிமை ஆகிய மூன்றையும் பெருக்கினால் அது கிடைக்கும். புலத்தோடு 30 பாகைக் கோணத்தில் கடந்தால் அதில் பாதியே.

ஒரு புரோட்டான் வினாடிக்கு 1 கோடி மீட்டர் வேகத்தில், 1 டெஸ்லா வலிமையுள்ள புலத்தினுள் செங்குத்தாக நுழைவதாகக் கொள்வோம். அதன் மின்னேற்றம், 1.6 கூலும் என்பதைப் பத்தின் 19-ஆம் அடுக்கால் வகுத்த அளவு. வேகமோ பத்தின் 7-ஆம் அடுக்கு. ஆகவே விசை, 1.6 நியூட்டனைப் பத்தின் 12-ஆம் அடுக்கால் வகுத்த அளவாகும். மிகச் சிறிதெனத் தோன்றும். ஆயினும் அப்புரோட்டானின் எடையைப்போல் இஃது ஏறக்குறையக் கோடிக் கோடி மடங்கு!

இவ்விசை எப்பொழுதும் ஓட்டத்திற்குச் செங்குத்தாக நிற்பதால் வேகத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. பாதையை வளைக்க மட்டுமே செய்கிறது. நம் புரோட்டான் ஏறத்தாழ 10 செண்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுழலும். வேகம் இரட்டித்தால் ஆரமும் இரட்டிக்கும். ஆகவே, ஒளியின் வேகத்தை நெருங்காதவரை, ஒரு சுற்றுக்காகும் நேரம் மாறுவதில்லை. அந்த நேரத்திற்கு இசைய, சுற்றுதோறும் மின்னழுத்தத்தால் உந்தி வேகத்தைப் பெருக்கலாம். இவ்வுண்மையைக் கொண்டு சைக்ளோட்ரானை அமைத்த அமெரிக்க விஞ்ஞானி லாரன்ஸ் 1939-இல் நோபல் பரிசு பெற்றார். வேகம் ஏற ஏற வட்டம் விரியும். அதனாலேயே காந்தமும் பெரிதாக வேண்டியிருக்கிறது.

இதனால் நமக்கு என்ன பயன்? புற்றுநோயைப் படமெடுத்துக் காட்ட உதவும் ஃப்ளோரின் 18 என்னும் கதிரியக்கப் பொருளை, விரைந்தோடும் புரோட்டான்களைக் கொண்டே ஆக்குகிறார்கள். அது 110 நிமிடங்களில் பாதியாகத் தேய்ந்துவிடும். சேமித்து வைக்க இயலாது. ஆதலின் நோயாளி இருக்கும் நகரிலோ அதன் அண்மையிலோ சைக்ளோட்ரான் வேண்டும். கொல்கத்தாவில் 2018-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கென்றே ஒன்று இயங்கத் தொடங்கியது. இப்பரிசோதனைக்குக் குறித்த நேரம் தவறாது வரவேண்டுமென மருத்துவமனையார் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே: நாம் தாமதித்தாலும் அம்மருந்து காத்திராது.