ரீ சேட்டில் ஓர் ஊர்

உடுப்பு மூட்டை பிரிக்கும்போது விளங்காத எழுத்தும் படமும் அச்சடித்த ரீ சேட்டுகள் வருவதை வாசகர்கள் அறிவீர்கள். அளவு சரியா என்று மட்டும் பார்த்துப் பிள்ளைக்குப் போட்டுவிடுகிறோம். அப்படியொன்று எமது கைக்கு வந்தது. நெஞ்சில் அக்கோடியன் வாத்தியத்தின் படம், அதைச் சுற்றி ‘கிளீவ்லாந்து பொல்கா’ என்ற எழுத்து, கைகளில் பெரிய வெள்ளைப் புள்ளிகள். அதன் கதையைத் தேடியபோது, அது காணியை விட்டுப் போன கமக்காரரின் கதையாக இருந்தது.

பொல்கா என்பது சோடியாக ஆடும் துள்ளல் ஆட்டம். இன்றைய செக் நாட்டின் பொஹீமியாப் பகுதியில் 1830களில் பரவி, 1844இல் பாரிசையும் இலண்டனையும் பித்துப்பிடிக்க வைத்தது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? தொப்பிக்கும் சட்டைக்கும் அந்தப் பெயரைச் சூட்டி விற்றார்கள். புள்ளிச் சீத்தைக்குப் ‘பொல்கா’ என்ற பெயர் ஒட்டியதும் அப்படித்தான். ஆட்டத்துக்கும் புள்ளிக்கும் வேறு உறவில்லை.

கிளீவ்லாந்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏரிக்கரையில் உள்ள உருக்கு நகரம். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்து முதலாம் உலகப் போர் வரை ஸ்லோவேனியக் கமக்காரர் பலர் அங்கே போய்ச் சேர்ந்தனர். பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துப் பிரித்துக் காணி துண்டாகிவிட்டது. கடன் ஏறிவிட்டது. முந்திரிகைத் தோட்டங்களை வேர்ப்பூச்சி அழித்துவிட்டது. கலப்பை பிடித்த கைகள் உலைக்களத்துக்குப் போயின. 1893இல் புனித வீட்டஸ் பங்கு உருவாயிற்று. 1924இல் சென். கிளேயர் வீதியில் மேடையோடு கூடிய ஸ்லோவேனிய இல்லம் திறக்கப்பட்டது. விழாநாட்களில் பெண்கள் வெள்ளைத் தலைத்துணி கட்டினர். ஆண்கள் வெயிஸ்கோட் போட்டுச் சிவப்புக் கார்னேசன் பூச் செருகினர். அக்கோடியன் வாசித்தது.

பிராங்க் யாங்கோவிக் 1915இல் பிறந்து இந்நகரில் வளர்ந்தவர். வீட்டில் தங்கியிருந்த தொழிலாளி ஒருவரிடம் வாத்தியம் பழகினார். இரண்டாம் உலகப் போரில் கடுங்குளிரில் கைகால்கள் விறைத்துப்போக, அவற்றை வெட்ட வேண்டும் என்றனர் மருத்துவர்கள். அவர் மறுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கோடியனை வாங்கி விரல்களைப் பழக்கினார். ஸ்லோவேனியப் பாட்டுகளுக்கு ஆங்கில வரிகள் போட்டுப் பாடினார். அயலில் இருந்த மற்ற நாட்டாரும் சேர்ந்து ஆடினர். 1948இல் அவருடைய இசைத்தட்டொன்று பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. 1986இல் பொல்காவுக்கென முதன்முதலாக வழங்கிய கிராமி விருதும் அவருக்கே கிடைத்தது. (அந்தப் பிரிவை 2009இல் நிறுத்திவிட்டார்கள்.) மினசோட்டாவின் இரும்புச் சுரங்க ஊரான எவலெத்தில் அருட்தந்தை பிராங்க் பெர்கோவிச் 1973இல் பொல்கா மெட்டுகளோடு திருப்பலியே ஒப்புக்கொடுத்தார்.

ஊர் உடுப்பைத் தைக்க நாளும் காசும் வேண்டும். தைக்கத் தெரிந்த பாட்டியும் வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு ரீ சேட் போதும். இது என்ன பாரம்பரியம் என்று முதலில் நாமும் முகம் சுளித்தோம். பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. அதில் இருப்பது விட்டுவந்த கிராமத்தின் பெயரல்ல, வந்துசேர்ந்த நகரத்தின் பெயர். அந்த இசையையும் இன்று ‘கிளீவ்லாந்து பாணி’ என்றே சொல்கிறார்கள். அதற்கென 1987இல் அருகிலுள்ள யூக்ளிட் நகரில் ஒரு நினைவுக்கூடமும் அமைத்தார்கள். மெட்டு பிழைத்துக்கொண்டது, கிராமங்களின் பெயர்கள் ரீ சேட்டில் ஏறவில்லை. இதை நட்டம் என்பதா, ஆதாயம் என்பதா? இடம்பெயர்ந்த இடத்தில் பிறந்த பிள்ளை ‘உன் ஊர் எது’ என்ற கேள்விக்குத் தடுமாறுவதைப் பார்த்த எமக்கு இலகுவில் பதில் வரவில்லை.

அரிவி வெட்டுப் பாட்டுத் தெரிந்த மூத்தவர்கள் உங்களிடையே இருப்பார்கள். அதைப் பாடிய வயலின் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் இடம் ஒதுக்குவோம். அந்த ரீ சேட் இப்போது ஒரு பையனிடம் இருக்கிறது. கை கொஞ்சம் நீளம். தாய் மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார்.