விசா வந்திருக்கு, ஆள் வேணும்

தஞ்சாவூர், திருவாரூர், ராமநாதபுரம், பெரம்பலூர் பக்கத்துக் கிராமங்களில் வெளிநாட்டு வேலைப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். "தம்பி, நாலு விசா வந்திருக்கு. நம்ம பையன் யாராவது இருந்தா சொல்லு." என்ன வேலை? "ஹெல்ப்பர்தான். ஏசி ரூம், சாப்பாடு ஃப்ரீ." எந்தக் கம்பெனி? "பெரிய கம்பெனி." சம்பளம்? "ஓ.டி.யோட முப்பது, முப்பத்தஞ்சு நிக்கும்." பேசுகிறவர் ஊர்க்காரர், சில நேரம் மாமன், மச்சான் முறை. இதற்கு மேல் குடைவது மரியாதை இல்லை என்று பையனின் அப்பாவே பேச்சை முடித்துவிடுவார்.

வெல்டரிடமோ ஸ்டீல் ஃபிக்ஸரிடமோ இப்படிப் பேச முடியாது. அவருக்கு ட்ரேட் டெஸ்ட் வைத்தாக வேண்டும், சம்பளத்தைச் சொல்லியாக வேண்டும். ஒத்துவராவிட்டால் அவர் எழுந்து போய்விடுவார். தொழில் எதுவும் கற்காத இருபது வயதுப் பையனுக்கு அந்தப் பிடி கிடையாது. அவன் இல்லாவிட்டால் அடுத்த தெருப் பையன். அதனால்தான் அவன் விஷயத்தில் வேலைக்கு ஆள் தேடுவதற்குப் பதில், வேலையையே அவனிடம் விற்கிறார்கள். விற்கிற சரக்கு ஒரு காகிதம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பணம் கட்டுவதற்கு முன் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு.

பார்க்க வேண்டும். வளைகுடா நாடுகளில் நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைவிட, விசாவில் என்ன வேலை என்று இருக்கிறது என்பதுதான் உங்கள் உரிமையைத் தீர்மானிக்கிறது. குவைத்தில் 18ஆம் பிரிவு விசா என்றால் தனியார் நிறுவன வேலை. 20ஆம் பிரிவு என்றால் வீட்டு வேலை; நம்மவர்கள் 'காதிம் விசா' என்பது இதைத்தான். இரண்டுக்கும் வெவ்வேறு சட்டம். சூப்பர் மார்க்கெட் வேலை என்று சொல்லி காதிம் விசாவில் அனுப்பிவிட்டால், அங்கே போனபின் கம்பெனித் தொழிலாளியின் உரிமையைக் கேட்க வழியில்லை. சவூதியில் 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தம், குறிப்பிட்ட நிபந்தனைகளோடு முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு வேலைக்கு மாற இடம் தந்தது. ஆனால் வீட்டு வேலைக்காரர், ஹவுஸ் டிரைவர், தோட்டத்தில் வேலை செய்பவர், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர் ஆகியோரை அது சேர்த்துக்கொள்ளவில்லை. தொழில் தெரியாமல் போகிற பையன்களில் பலர் வந்து விழுவது இந்த வகைகளில்தான். கத்தார் இதில் கொஞ்சம் மேல்: 2021 மார்ச்சிலிருந்து மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம், தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் 500, 300 ரியால் கூடுதலாக, வீட்டு வேலைக்காரருக்கும் சேர்த்தே.

'ஃப்ரீ விசா' என்று ஒன்று பேச்சில் அடிபடும். அப்படி ஒரு விசா எந்த நாட்டுச் சட்டத்திலும் கிடையாது. ஒரு கஃபீல், அதாவது அந்த நாட்டு ஸ்பான்சர், தன் பெயரில் விசா எடுத்து விற்றுவிடுகிறார்; வாங்கியவர் வெளியே எங்காவது வேலை தேடிக்கொண்டு, அக்காமா என்ற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கஃபீலுக்குப் பணம் கட்டுகிறார். வேலை கொடுத்தவர் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் புகார் சொல்ல முடியாது. தன் கஃபீலைத் தவிர வேறொருவரிடம் வேலை செய்ததே குற்றம்.

இனி பாஸ்போர்ட் விஷயம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்ற குறிப்பு இருக்கும். சவூதி, அமீரகம், குவைத், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஊரில் இதை ஒரு தொந்தரவாகத்தான் பார்க்கிறார்கள். "கிளியரன்ஸ் எல்லாம் இழுக்கும், விசிட்ல ஏத்திவிடுறேன், அங்க போய் பெர்மிட் அடிச்சுக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அதைச் சலுகை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த அனுமதிதான் அந்தப் பையனுக்கு நம் நாட்டில் கிடைக்கும் ஒரே கவசம். அதற்காகத்தான் முதலாளியின் பெயர், சம்பளம், வேலை நேரம் எல்லாம் உள்ள ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகிறது. அங்கே இறங்கியதும் அரபியில் வேறொரு ஒப்பந்தத்தை நீட்டி, குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்குவது பழைய வித்தை. அப்போது தூதரகத்தில் காட்ட இந்தப் பதிவுதான் ஆதாரம். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் இதோடு கட்டாயமாக வருகிறது. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும்தான் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 லட்சம் ரூபாய். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது இந்தியர்கள் மட்டும் குறைந்தது 45 பேர் இறந்தார்கள். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டவர். இந்த வேலைகளில் சாவு அரிய விஷயம் அல்ல.

ஆனால் ஒரு முரண். தமிழ்நாட்டில் இன்று பத்தாவது தேறாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவர், டிப்ளமோவில் அரியர் வைத்திருப்பவர், பி.காம்., பி.இ. என்று கையில் சான்றிதழும் கைக்குத் தொழிலும் சம்பந்தமில்லாமல் நிற்பவர்கள்தான் அதிகம். சட்டத்தின் கண்ணுக்கு இவர்கள் விவரம் தெரிந்தவர்கள். இவர்களுக்கு அனுமதி தேவையில்லை, ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை, காப்பீட்டுக் கட்டாயமும் இல்லை. இவர்களும் இ-மைக்ரேட்டில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018 நவம்பரில் ஓர் உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தார்கள். இப்போதும் விருப்பம் இருந்தால் பதியலாம், கட்டாயமில்லை. பட்டம் வாங்கியவன் ஏமாற மாட்டான் என்று அரசாங்கம் நம்புவது எனக்கு விளங்கவேயில்லை.

இந்த இடைவெளியில்தான் 2022 முதல் தாய்லாந்து ஆபத்து நுழைந்தது. 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்', 'டேட்டா என்ட்ரி' என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விளம்பரம் வரும். டைப்பிங் தெரிந்தால் போதும், சம்பளம் டாலரில், டிக்கெட் அவர்களே எடுத்துத் தருவார்கள். பேங்காக்கில் இறங்கியவரைக் காரில் ஏற்றி எல்லையில் உள்ள மே சோட் வரை கொண்டுபோய், ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவடிக்குள் விட்டுவிடுவார்கள். அங்கே ஆயுதக் காவலோடு உள்ள வளாகங்களில் போலிக் கணக்குகள் வைத்து, காதல் பேச்சும் கிரிப்டோ முதலீடும் சொல்லி ஊரை ஏமாற்றுவதுதான் வேலை. மறுத்தால் அடி, பட்டினி, மின்சார அதிர்ச்சி. விடுதலை வேண்டுமானால் பல லட்சம். 2025 மார்ச்சில் இந்திய விமானப் படையின் இரண்டு விமானங்களில் இப்படி 549 பேர் மீட்டு வரப்பட்டார்கள். கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதைதான். மியான்மர், கம்போடியா, லாவோஸ் மூன்றுமே அந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை.

ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வளாகங்களில் நண்பர்களை வரவழைத்தால் கமிஷன், அல்லது விடுதலை என்று ஆசை காட்டுவார்கள். மச்சானை அழைத்தவர் ஊருக்குத் திரும்பும்போது சட்டத்தின் பார்வையில் பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, ஆள் சேர்த்தவரும்கூட.

பணத்துக்கு வருவோம். பதிவு பெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 35,400. ரசீது தர வேண்டும். ஊரில் கேட்கும் தொகை ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டு, அதை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி மட்டும் 4,500. இரண்டு வருட ஒப்பந்தம் முடியும்போது வட்டியாகவே 1,08,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். மோசமான வேலையிலிருந்து பையன் ஏன் திரும்பி வருவதில்லை என்பதற்குப் பெரும்பாலும் காவலோ பூட்டோ காரணமில்லை, இந்தக் கணக்குதான் காரணம். அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர், பிளம்பர் பயிற்சி ஓராண்டு; கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இருபது வயதில் ஒரு வருடம் தாமதமாவது பெரிய இழப்பாகத் தெரியும். ஹெல்ப்பராகப் போய் இரண்டு வருடம் வட்டி கட்டியவரிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்.

போவதென்று முடிவெடுத்தால், ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவு நடப்பில் உள்ளவர்கள், ரத்தானவர்கள், பதிவே இல்லாமல் ஆள் சேர்த்துப் புகாருக்கு உள்ளானவர்கள் என்று பட்டியல் இருக்கிறது. பதிவு பெற்றவர் ஊரூருக்கு சப்-ஏஜென்ட் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. வெளிநாட்டு முதலாளி ஆள் கேட்டு அனுப்பிய டிமாண்ட் லெட்டரைக் காட்டச் சொல்லுங்கள். கோபப்பட்டால் அதுவே பதில். பணத்தை வங்கி வழியாகவே கட்டுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால், கொடுக்கிற பேச்சே வேண்டாம். ஏஜென்டே வேண்டாம் என்பவர்களுக்கு 1978 முதல் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்களுக்கு விதி இன்னும் கடுமை: 30 வயது ஆகியிருக்க வேண்டும், வளைகுடா வீட்டு வேலைக்கு அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும். அதைச் சுற்றிப்போக துபாய்க்கு விசிட் விசாவில் ஏற்றி, அங்கிருந்து ஓமனுக்குத் தள்ளிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில் இருக்க வேண்டும். முதலாளியின் முழுப் பெயர், இடம், போன் எண் பையனுக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' நாவலில் நஜீப் ரியாத் விமான நிலையத்தில் யாரோ ஒருவரின் வண்டியில் ஏறிப் போவதற்குக் காரணம், தன்னை அழைக்க வருகிறவர் யார் என்று அவனுக்குத் தெரியாததுதான்.

அங்கே போனபின் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால், ஊர் வழக்கம் என்று இருந்துவிட வேண்டாம். கத்தார் போன்ற நாடுகளில் அது அபராதத்துக்குரிய குற்றம். சம்பளம் வங்கியில் வருகிறதா என்று பாருங்கள். கையில் கொடுத்தால் தேதி, தொகை எழுதி வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், தாங்க முடியாமல் போனாலும் புகார் கொடுக்காமல் ஓடக்கூடாது. ஓடினால் முதலாளி முந்திக்கொண்டு 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவர் என்று பதிந்துவிடுவார். அதன்பின் உங்கள் சம்பள பாக்கி பின்னுக்குப் போய், நீங்கள் தேடப்படுபவர் ஆகிவிடுவீர்கள். முதலில் தொழிலாளர் அலுவலகத்திலோ இந்தியத் தூதரகத்திலோ புகார் பதிவாக வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் ஊரிலிருந்தே குடும்பத்தார் பதியலாம். இந்தியாவுக்குள் 1800 11 3090 மத்திய அரசின் உதவி எண். தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு 1800 309 3793. டிக்கெட், தற்காலிகத் தங்குமிடம், சட்ட உதவி, இறந்தவர் உடலைக் கொண்டுவருவது ஆகியவற்றுக்கு 2009 முதல் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

ஏமாந்து திரும்பியவர்கள் செய்யாமல் விடுவது ஊரில் கொடுக்க வேண்டிய புகாரை. "அவரும் நம்ம ஆளு, எங்க போகப் போறாரு" என்று பஞ்சாயத்து பேசி, பாதிப் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். குடிபெயர்வுச் சட்டம் 1983 ஓட்டை உள்ள சட்டம்தான். பதிவில்லாமல் ஆள் சேர்த்தவருக்கு இரண்டு வருடம் வரை சிறை, அபராதமோ 2,000 ரூபாய்க்குள். லட்சக்கணக்கில் வாங்கியவருக்கு அது டீச் செலவு. அதனால் போலீஸ் புகாரில் மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள்; அதில் ஏழு வருடம் வரை உண்டு. மியாவடி மாதிரி கட்டாய வேலை என்றால் ஆள்கடத்தலுக்கான 143ஆம் பிரிவு. குடிபெயர்வுச் சட்டத்தில் வழக்கு நடத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று சொல்லி சில காவல் நிலையங்களில் திருப்பி அனுப்பக்கூடும். பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால், அல்லது அவருக்காக அப்பா, அம்மா, மனைவி, கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. 27ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. புகாரின் நகலை சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். கையெழுத்துப் போட்ட கம்பெனியின் பெயரோடு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பணத்தை எண்ணி வாங்கிய சப்-ஏஜென்டின் பெயரும் அதில் இருக்க வேண்டும். "நான் சும்மா அறிமுகம்தான் செஞ்சேன்" என்பார். பதிவில்லாமல் காசு வாங்கி ஆளை அனுப்புவதைத்தான் அந்தச் சட்டம் குற்றம் என்கிறது.