செத்தவர் தேர்தலில் நின்றார்!

முசிறியில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், ஆண்டுக்கு ஒரு முறை தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கிறார்கள். அவர்களுக்கு அது சிறு தொல்லை. லால் பிகாரிக்கோ அது பல ஆண்டுப் போராட்டம்!

உத்தரப் பிரதேசம், ஆசம்கார் மாவட்டத்து விவசாயி அவர். 1970-களில் கடன் வாங்குவதற்காகச் சான்று கேட்டுப் போனார்.

"லால் பிகாரி இறந்துவிட்டார்" என்றது அரசுப் பதிவேடு!

பங்காளி செய்த வேலை

அவருடைய நிலத்துக்கு ஆசைப்பட்ட பங்காளியே இப்படி எழுத வைத்துவிட்டார். நிலம் கைமாறியது.

சினிமாவில் பிணம் எழுந்து நடந்தால் ஊரே ஓடும். இவர் ஆபீஸ் ஆபீஸாக நடந்தார், ஒருவரும் அசையவில்லை. பேயாக இருந்தாலாவது பயந்திருப்பார்கள்!

தன் பெயருடன் "மிருதக்" என்று சேர்த்துக்கொண்டார். "செத்தவன்" என்று பொருள். மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டார். 1989-ல் அமேதி தொகுதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். வெற்றிக்காக அல்ல, வேட்பாளர் பட்டியலில் பெயர் வந்தால் உயிர் இருப்பதாக ஆகிவிடும் அல்லவா?

இவரைப் போலவே ஏட்டில் "செத்தவர்கள்" பலர் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்து "மிருதக் சங்கம்" தொடங்கினார்.

1994-ல் அரசு அவரை உயிருள்ளவர் என்று ஒப்புக்கொண்டது.

2003-ல் அமெரிக்காவில், சிரிக்கவும் சிந்திக்கவும் வைப்பவர்களுக்குத் தரும் "இக் நோபல்" அமைதிப் பரிசு இவருக்குக் கிடைத்தது. பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டார். ஆனால், அமெரிக்க அரசு உள்ளே வர அனுமதிக்கவில்லை!