தென்னமரத்தில் காய்த்த செம்பனை

ஒரு கேள்வி. மலேசியாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்ட தோட்டத்தின் பெயர் என்ன? கைப்பேசியைத் தட்டாமல் சொல்ல வேண்டும்.

விடை: தென்னமரம்.

கேலி இல்லை, நிஜம். கோலசிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் இருக்கும் தோட்டம் அது. செம்பனை நட்டது 1917இல். திருமண விருந்துகளில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது இந்தக் கேள்வியை வீசிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. பட்டதாரிப் பிள்ளைகள் முழிப்பார்கள். தோட்டத்தில் பிறந்த பாட்டி ஒருவர் பட்டென்று சொல்லிவிடுவார்.

செம்பனைக்குச் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றின் வாரிசுகள் சுமத்ராவுக்குப் போயின. அங்கிருந்து விதைகளைச் சிலாங்கூருக்குக் கொண்டுவந்தவர் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயா வந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டவர். செம்பனையை முதலில் அழகுக்காகத்தான் நட்டார். பிறகு, காப்பி சரியாக வராத தென்னமரத்து நிலத்தில் தோட்டமாகவே போட்டார். பெயரில் தென்னை, முதலில் போட்டது காப்பி, நிலைத்தது செம்பனை!

என்னைப் போன்ற புத்தகப் பைத்தியங்களுக்கு இதற்குப் பிறகுதான் சுவாரசியம். இந்தத் துரை ஒரு நாவல் எழுதினார். பெயர் 'மலேசி'. 1930இல் பிரான்சின் பெருமைமிக்க கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில் அவர் தங்கை ஜெனிவியேவும் ஃபெமினா பரிசு வாங்கிவிட்டார். வீட்டுக்கு வீடு பரிசுக் கோப்பை வைக்கும் குடும்பம் போலும்.

'தி சோல் ஆஃப் மலாயா' என்ற பெயரில் 1931இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான் நான் வாசித்தேன். காடும் மழையும் கண்முன் வருகின்றன. தோட்டத் தமிழர்களும் வருகிறார்கள். ஆனால், துரையின் கண்ணுக்குப் பட்ட அளவுக்கு மட்டும். பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றவர்கள் அவரைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அதில் இருக்க வழியில்லை.

அதனால்தான் 'தென்னமரம்' என்ற அந்த ஒற்றைச் சொல் எனக்குப் பிடிக்கிறது. எழுத்துத் தமிழில் அது தென்னைமரம். வாய் சொன்னபடி ஆங்கில எழுத்தில் ஏறியதால் தென்னமரம். சுற்றுவட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், ஹோப்ஃபுல் என்று ஆங்கிலப் பெயர்கள். மின்யாக் என்று மலாய்ப் பெயரும் உண்டு. 'எண்ணெய்' என்று பொருள். இவற்றுக்கு நடுவே நம் லயத்துப் பேச்சு ஒன்று நாட்டின் வரைபடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பெயர்கள் நிரந்தரமல்ல. பத்தாங் பெர்ஜுந்தையே 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. நம் அத்தைமார்கள் இன்னும் "பெர்ஜுந்தைக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் இருக்கும் வரை பழைய பெயருக்கு ஆயுள் கெட்டி.

இருபது கிலோவைத் தாண்டும் குலையைத் தூக்கினால் தோள் எப்படி வலிக்கும், உதிரிப்பழம் பொறுக்கும்போது முள் எங்கே ஏறும் என்பதெல்லாம் கோன்கூர் பரிசு பெற்ற துரையைவிட நம் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இந்த வாரம் அவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம், கிராணி யார், கங்காணி யார் என்று கேளுங்கள். எழுதிவைக்கப் பெரிய புத்தகமெல்லாம் வேண்டாம். மளிகைக்கடைக் கடன் எழுதிய அந்த 555 நோட்டே போதும்.