கார் வண்ணப்பூச்சுப் பெயர்வும் தற்காலிகச் சீரமைப்பும்

கார் வண்ணப்பூச்சுப் பெயர்வு என்பது, ஓடும் காரின் மீது சரளைக்கல், ஜல்லித்துண்டு போன்றவை தெறித்துப் படுவதால் மேற்பூச்சு சிறு சில்லாகக் கழன்றுவிடுவதாகும். முன்பக்க பானெட், சக்கர வளைவு, கதவின் அடிவிளிம்பு ஆகிய இடங்களில் இது மிகுதி. டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் நெருங்கிச் செல்லும் கார்களுக்கு இது சொல்லி வைத்தாற்போல் நேரும்.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டாரத்திலுள்ள மேலநீலிதநல்லூர் போன்ற ஊர்களில் வசிப்போர், ஒரு சிறு சில்லுக்காக நகரத்துப் பட்டறையில் காரைச் சில நாள் விட்டுவர வேண்டியிருக்கும். வாடகைக்கு ஓட்டுபவருக்கு அத்தனை நாள் வருமானம் போகும். ஆகவே பலர் தள்ளிப்போடுகின்றனர். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது.

பூச்சின் அமைப்பு

காரின் பூச்சு ஒரே படலம் அன்று. தகட்டின் மேல் துருத்தடுப்புப் படலம், அதன்மேல் பிரைமர், பிறகு நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என அடுக்குகள் உள்ளன. அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். ஏறத்தாழ இரண்டு தலைமுடிகளின் தடிமன். கல் எந்த அடுக்கு வரை பெயர்த்தது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தால் அவசரம் குறைவு. தகடு பளிச்சென்று தெரிந்தால் நீரும் காற்றும் இரும்போடு சேர்ந்து துரு உண்டாகும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால் பக்கத்துப் பூச்சையும் கொப்புளமாகத் தூக்கிவிடும். கடுகளவு சில்லு காசளவு ஆவது இப்படித்தான். பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கவலை இல்லை. அங்கே குறை தோற்றத்தில் மட்டுமே.

செய்முறை

காரை நிழலில் நிறுத்தித் தகடு ஆறிய பின்பே தொடங்க வேண்டும். ஆடிக் காற்றில் திறந்தவெளியில் செய்தால் ஈரப்பூச்சில் புழுதி ஒட்டும். இடத்தைச் சோப்புநீரால் கழுவி நன்கு உலர்த்தி, தளர்ந்த ஓரங்களை மெல்ல நீக்க வேண்டும். துரு இருந்தால் நைசான உப்புத்தாளைத் தீக்குச்சி நுனியில் சுற்றி, அந்தப் புள்ளியை மட்டும் தேய்க்கலாம். சுற்றிலும் தேய்த்தால் நல்ல பூச்சும் மங்கும். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும்.

தகடு தெரிந்தால் பிரைமர் ஒரு சொட்டு. அது காய்ந்த பின் பல்குச்சி நுனியால் டச்-அப் பெயின்ட். ஒரே தடவையில் தடிப்பாக நிரப்புவதே பலர் செய்யும் தவறு. மேல் மட்டும் தோல் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். மெல்லிய இரண்டு மூன்று பூச்சுகளை இடைவெளி விட்டுக் கொடுத்து, கடைசியில் கிளியர் கோட் இட வேண்டும். நிறத்தின் குறியீட்டு எண் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் பெரும்பாலும் இருக்கும். உலோகத்துகள் கலந்த சில்வர் போன்ற நிறங்கள் எண் சரியாக இருந்தும் சற்றே வேறுபட்டுத் தெரியலாம். தின்னரும் பெயின்டும் தீப்பற்றுபவை. காற்றோட்டமான இடம் தேவை.

வீட்டு வழிகள்

டச்-அப் பெயின்ட் கிடைக்கும் வரை நிறமற்ற நகப்பூச்சு சில வாரம் நீரைத் தடுக்கும். நைட்ரோசெல்லுலோஸ் கலந்த அது, பெயின்டர்கள் இன்றும் டூக்கோ என்று சொல்லும் பழைய கார் பெயின்டின் உறவுதான்; ஆனால் வெயிலில் மஞ்சளித்து வெடிக்கும். பற்பசை லேசான கீறலை மெருகேற்றுமே தவிரப் பள்ளத்தை நிரப்பாது. துருவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது மிகக் கெடுதல். ஈரம் உள்ளேயே தங்கும்.

கொப்புளம் கண்டாலோ காசைவிடப் பெரிதாகப் பெயர்ந்தாலோ பட்டறைதான் வழி. காப்பீடு கோருவதாக இருந்தால் தொடுமுன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே முன்பு எதைத் தடவினோம் என்பதையும் பெயின்டரிடம் சொல்ல வேண்டும். மெழுகோ சிலிக்கான் பாலிஷோ மிச்சமிருந்தால் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் பிடிக்காமல் சிறு சிறு குழிகளாக விலகி நிற்கும்.