கல்லில் நடந்த மதச் சண்டை

மாமல்லபுரம் என்றதும் கடற்கரைக் கோவிலும் ஐந்து ரதங்களும் நினைவுக்கு வரும். அதே ஊரில், உளியால் சிதைக்கப்பட்ட கோவில் ஒன்றும் இருக்கிறது.

அதன் பெயர் இராமானுஜ மண்டபம். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவர்கள் பாறையைக் குடைந்து அமைத்த குகைக் கோவில் அது. இராமானுஜர் பிறந்ததோ அதற்குப் பல தலைமுறைகளுக்குப் பிறகு! அப்படியானால் இந்தப் பெயர் எப்படி வந்தது?

உளி செய்த வேலை

முதலில் அது சிவன் கோவில். உள்ளே 3 கருவறைகள் இருந்தன. பிற்காலத்தில் அதை வைணவ மண்டபமாக மாற்றினார்கள். கருவறைகளின் நடுச் சுவர்களை இடித்தார்கள். சுவர்ச் சிற்பங்களைச் செதுக்கித் தள்ளினார்கள். சங்கும் சக்கரமும் பொறித்தார்கள். பழைய சிற்பங்களின் தடம் மட்டும் காயம்போல் இன்றும் தெரிகிறது.

கல்லில் ஒரு சாபம்

தவறு ஒரு பக்கம் மட்டும்தானா? இல்லை. அதே மண்டபத்தில் வடமொழிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சிவனை நெஞ்சில் வைக்காதவர்களை அது திரும்பத் திரும்பச் சபிக்கிறது! திருமால் கோயில் கொண்ட ஆதிவராகர் குகையிலும் இந்தச் சாபம் வெட்டப்பட்டிருக்கிறது.

ஒருவர் வாயால் சபித்தார். இன்னொருவர் உளியால் இடித்தார்.

சிரித்த அரசன்

7-ம் நூற்றாண்டில் ஆண்ட மகேந்திரவர்மன் இத்தகைய சண்டைகளைக் கேலி செய்து 'மத்தவிலாசம்' என்ற நாடகம் எழுதினான். காபாலிகன் ஒருவனின் கபால ஓடு காணாமல் போகிறது. திருடியவர் புத்த பிட்சுதான் என்று அவன் சண்டைக்கு நிற்கிறான். கடைசியில் பார்த்தால், அதைக் கவ்விச் சென்றது ஒரு நாய்!

சேர்ந்திருந்த தெய்வங்கள்

செங்கற்பட்டை அடுத்த வல்லம் குன்றில் சிவனுக்கும் திருமாலுக்கும் குகைக் கோவில்கள் உண்டு. மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி குகையில், நடுவே உமையுடன் சிவன். ஒரு பக்கச் சுவரில் துர்க்கை; எதிர்ச் சுவரில் பள்ளிகொண்ட திருமால். கடற்கரைக் கோவிலில் 2 சிவன் சந்நிதிகளுக்கு நடுவே திருமால் பள்ளிகொண்டிருக்கிறார்.

அன்று சிவனும் திருமாலும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். சண்டையிட்டவர்கள் மனிதர்கள்தாம்!

சண்டையால் யாருக்கு லாபம்? இராமானுஜ மண்டபத்தில் இன்று சிவ பூசையும் இல்லை. திருமால் பூசையும் இல்லை. வெறும் சுவர்தான் மிச்சம். சேர்ந்து நிற்கும் கடற்கரைக் கோவிலைக் காணவோ உலகமே வருகிறது. 1984-ல் யுனெஸ்கோ மாமல்லபுரத்துச் சின்னங்களை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

அடுத்த முறை குழந்தைகளுடன் மாமல்லபுரம் போனால், அந்த வெறும் சுவரையும் காட்டுங்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று அவர்கள் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள்.